சுத்தா போலிமையும் நம்ம போலிமையும்

போன செவ்வாய்க்கிழமை கலேவெலவில் பின் டயருக்கு ஒட்டுப்போட வண்டியை நிறுத்தியிருந்தபோது அக்கா மகளிடமிருந்து குரல் செய்தி வந்தது. அவள் ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். போய் எட்டு மாதமாகிறது. டயர்க் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். நான் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றேன்.

"மாமா, இங்க ஒரு வயசான அம்மா இருக்காங்க. என்னயப் பார்த்தா கைஜின் வந்திருச்சு, கைஜின் வந்திருச்சுன்னு சொல்றாங்க. வெளிநாட்டு ஆளுன்னு அர்த்தமாம். கூட வேல செய்யிற நேபாளத்துப் புள்ள அது ஏச்சுன்னு சொல்லுது. இங்க உள்ள நர்ஸம்மா ஏச்சில்லங்கிறாங்க. ஏச்சா மாமா? நீங்கதான் சீகிரியாவுல சுத்தாக்களோட கெடந்தவரு, ஒங்களுக்குத் தெரியுந்தானே."

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது கேள்வி கேட்டால் தெரியாது என்று சொல்ல வாய் வராது. உடனே பதில் அனுப்பிவிட்டேன். "ஏச்சு இல்லம்மா. நீ என்னவோ அதத்தானே சொல்றாங்க. மனசுல எடுக்காத." அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் உறைத்தது. அது என்னுடைய வாசகம் இல்லை. பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு மனிதர் சிங்களத்தில் எனக்குச் சொன்னது. ஒரு சொல் விடாமல் தமிழில் அந்தப் பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பழைய த்ரீவீல் நீலப் புகை விட்டுக்கொண்டு சந்தியைக் கடந்து போனது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓடுகிற அந்தக் காலத்து எஞ்சின். இப்போது அபூர்வம். அந்தப் புகை மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இருமல் வராது, சீகிரியா வந்துவிடும்.

சீகிரியா என்றதும் உங்களுக்குக் குன்று ஞாபகம் வரும். எனக்கு ஒரு மாரா மரம் ஞாபகம் வரும். அதன் கீழேதான் எங்கள் த்ரீவீல் பார்க், வண்டிகள் சவாரிக்குக் காத்து நிற்கிற இடம். பதினாலு வண்டிகள். என் வண்டி, வாடகை வண்டி, பதினாலாவது. குன்றை நான் தினமும் பார்த்தேன், ஒரு நாளும் ஏறவில்லை. அதைச் சொன்னால் இப்போதும் வீட்டில் சிரிக்கிறார்கள்.

பார்க்கில் இரண்டு போலிம இருந்தது. போலிம என்றால் சிங்களத்தில் வரிசை. மரத்தின் நிழலில் நிற்பது சுத்தா போலிம. வெளியே, வடைக் கடைப் பக்கம் வெயிலில் நிற்பது நம்ம போலிம. வெள்ளைக்கார ஆண் சுத்தா, பெண் சுத்தி. அப்படி யாராவது வந்தால் நிழலில் முதலாவதாக நிற்கும் வண்டி போகும். ஊர் ஆள் வந்தால் வெயிலில் முதலாவது வண்டி போகும். நிழலுக்குக் கூடின விலை, வெயிலுக்குக் குறைந்த விலை. ஒரு போலிமைக்காரன் மற்ற போலிமையின் ஆளை ஏற்றக் கூடாது. ஏற்றினால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை மூன்று நாள் பார்க்குக்கு வரக் கூடாது, மூன்றாம் தடவை ஒரேயடியாக வெளியே. எழுதி ஒட்டிய சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் அதைவிடக் கண்டிப்பான சட்டத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

நான் ஒன்றரை வருடம் வெயிலில் நின்றேன். எனக்குப் பிறகு, விலகிப்போன ஒருவனுடைய இடத்துக்கு வந்தவன் நாலே மாதத்தில் நிழலுக்குப் போனான். கேட்டதற்கு, "மல்லி, ஒனக்கு இங்கிலீஷ் காணாது" என்றார் சுமனே அய்யா. அவர்தான் பார்க்கின் தலைவர். மல்லி என்றால் தம்பி. சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். அவர் பேசியதெல்லாம் சிங்களத்தில், நான்தான் நம் தமிழில் எழுதுகிறேன். அவருடைய ஆங்கிலம் கம், கோ, குட் பிரைஸ் என்ற மூன்றோடு முடிந்துவிடும். என்னுடையது அதைவிட நாலு சொல் கூட. அதைச் சொல்லிக் காட்டும் தைரியம் எனக்கு இல்லை.

தைரியம் இல்லாததற்குக் காரணம் இருந்தது. யுத்தம் முடிந்து சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கிய வருடங்கள் அவை. ஒரு தமிழனைப் பார்க்குக்குள் எடுப்பதா என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். கலேவெலவில் மரக்கறி ஏற்றும் என் தாய்மாமன் சுமனே அய்யாவிடம் வந்து பேசினார். கடைசியில் சுமனே அய்யா, "இவனுக்கு நான் பொறுப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகுதான் எனக்கு இடம் கிடைத்தது. இடம் போனால் யட்டவத்தைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அப்பா என் பெயரைத் தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் போட்டுவிடலாம் என்று கங்காணியிடம் பேசியே வைத்திருந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்காமல் ஹேண்டில் பிடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை ஒரு பக்கம், அது எந்த நேரமும் பறிபோகலாம் என்ற பயம் ஒரு பக்கம்.

பார்க்கில் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். நெட்டையன் ஒருவனுக்கு லொக்கா, குள்ளனுக்குக் கொட்டா, எப்போதும் தூங்குகிறவனுக்கு நிதி. என் பெயர் தெமளா. தமிழன் என்று அர்த்தம். "கோ அர தெமளா?" என்பார்கள். அந்தத் தமிழன் எங்கே என்று. ஹயர், அதாவது சவாரி, வந்தால் தெமளா, தேத்தண்ணி வந்தால் தெமளா, செருப்பு காணாமல் போனால் அதற்கும் தெமளா. வந்த புதிதில் ஒரு நாள் என் முகம் சுருங்கியதைப் பார்த்து சுமனே அய்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் கை போட்டார். "அது ஏச்சு இல்ல மல்லி. நீ என்னவோ அதத்தானே சொல்றோம். மனசுல எடுக்காத" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

மற்றவர்களுடைய பட்டப்பெயர் அவரவர் உயரத்தையும் தூக்கத்தையும் பற்றியது. என்னுடையது அப்படி இல்லை என்பது எனக்கு உறைக்கவே பல மாதம் எடுத்தது. நான் எப்போதும் கொஞ்சம் மெதுவாக விளங்குகிற ஆள்.

ஆனால் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக் காம்பிராவில் ஒரு சிங்களப் பெண் இருந்தார். எங்கள் ஆள் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர். எங்கள் தமிழைத்தான் பேசினார், எங்களோடுதான் கொழுந்து எடுத்தார், காமன் கூத்துக்கு எங்களோடுதான் காசு போட்டார். அவரை எல்லோரும் சிங்களத்தி என்றுதான் சொல்வோம். சிங்களத்தி வீட்டில் போய்க் கொச்சிக்காய் வாங்கிட்டு வா என்று அம்மா அனுப்புவார். நானும் வாசலில் நின்று, "சிங்களத்தி அத்தே" என்று கூப்பிடுவேன். அவரும் "என்னய்யா" என்று வருவார். அவர் இறந்தபோது நான் பாடசாலைப் பையன். முச்சந்தியில் கட்டியிருந்த மரண அறிவித்தலில் சோமாவதி என்று இருந்தது. அது யார் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். இருபது வருடம் எங்களோடு இருந்தவருடைய பெயரை நான் அவர் செத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவருக்கு வலித்ததா என்று எங்களில் ஒருத்தரும் கேட்டதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் ஒரு நாள் என் வண்டியில் ஏறியது. தமிழ் கேட்டதும் அவர்களுக்குச் சந்தோசம். ஐந்து நிமிடம் பேசிய பிறகு அந்த ஐயா, "தம்பி தோட்டக்காட்டுப் பக்கமோ?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்களைத் தாழ்த்திச் சொல்லும் சொல் அது. மரியாதையாகத்தான் கேட்டார், பின்னால் இருந்த பிள்ளைக்கு டொபி எடுத்துக் கொடுத்துக்கொண்டே. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு, மிச்ச வழி முழுக்க ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். ஆகவே இந்த விசயத்தில் யாரும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

இந்த நிலைமையில்தான் ஹெல்கா மேடம் வந்தார். அவருக்கு அறுபது வயதிருக்கும். தன் ஊரில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றிப் பார்க்க வந்தவர், பிடித்துப்போய், பக்கத்தில் கிம்பிஸ்ஸையில் ஒரு தையல்காரர் வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தங்கிவிட்டார். விசா முடியும்போது போவார், திரும்ப வருவார். பருத்திப் பாவாடை, ரப்பர்ச் செருப்பு, கையில் ஒரு சின்னக் கொப்பி. காதில் விழுகிற சிங்களச் சொல்லையெல்லாம் அதில் பென்சிலால் எழுதிக்கொள்வார்.

மற்ற வெள்ளைக்காரர்கள் நிழலுக்குப் போவார்கள். இவர் நேராக வெயிலுக்கு வருவார். மரக்கறிக் கூடையோடு, ஊர்ப் பெண்களுக்குப் பின்னால் நின்று, தன் முறை வந்ததும் ஏறி உட்கார்ந்துவிடுவார். முதல் தடவை அது என் வண்டியாக இருந்தது. என் பெயரைக் கேட்டார். சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது கொஞ்சம் நீண்டு வந்தது, ஆனால் என் பெயர்தான். பார்க்குக்கு வந்து ஒரு வருடத்தில் அங்கே அதைச் சொன்ன முதல் ஆள் அவர்.

நான் கிளம்புவதற்குள் நிழலிலிருந்து சத்தம் வந்தது. "சுத்தி, இந்தப் பக்கம். தெமளா, சுத்திய எறக்கு." நிமல் என்பவன். நான் வருவதை முதலில் இருந்தே எதிர்த்தவன். நான் திரும்பி, "மேடம், ப்ளீஸ், தட் லைன்" என்றேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவருடைய காது சிவந்திருந்தது. அன்று மாலை சுமனே அய்யா, "இது முதல் தடவ மல்லி" என்று மட்டும் சொன்னார். நான் ஏற்றவில்லை, அவராகத்தான் ஏறினார் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அடுத்த மாதமும் ஏறினார். அப்போது நிழல் பக்கம் காண்பதற்குள் இறக்கிவிட்டேன். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இவருக்கு என்ன, விருப்பம் முடிந்தால் விமானம் ஏறிவிடுவார், என் வயிற்றில் ஏன் அடிக்கிறார் என்று வீட்டுக்குப் போன் பண்ணி அம்மாவிடம் புலம்பினேன். "அந்த வெள்ளக்காரிகிட்ட சொல்லுடா, ஏறாதன்னு" என்றார் அம்மா. நானும் வெள்ளக்காரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் தையல்காரர் வீட்டுக்கு ஒரு மூட்டைத் துணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வீட்டில் இல்லை. ஹெல்கா மேடம் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பிளேன்டி, பால் போடாத தேத்தண்ணி, ஊற்றித் தந்தார். கொப்பியை விரித்து ஒரு சொல்லைக் காட்டினார். சுத்தி. ஆங்கிலமும் சிங்களமும் கலந்து, "இது ஏச்சா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். வெள்ளப் பொம்பளன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"அது தெரியும். முதல் மாசம் எனக்கும் பிடிச்சது. சின்னப் புள்ளைங்க ஓடி வந்து சொல்லும், நானும் கை காட்டுவேன். இப்ப பதினோராவது மாசம். சந்தையில கத்தரிக்கா விலை எனக்குத் தெரியும். யார் வீட்டுல யாருக்குச் சுகமில்லன்னு தெரியும். நான் இன்னும் அதேதானா?"

பிளேன்டியைக் குடித்தேன். அவர் பக்கத்தைப் புரட்டி அடுத்த சொல்லைக் காட்டினார். தெமளா.

"இது நீதானே. இது ஏச்சா?"

"அதுவும் இல்ல மேடம். நான் தமிழன்தானே."

அவர் கொப்பியை மூடினார். பென்சிலைக் கீழே வைத்தார். "நான் சொல்லோட அர்த்தம் கேட்கல. ஒனக்கு வலிக்குதா?" என்றார்.

உங்களுக்கு எப்படியோ, என்னிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அம்மா கூட, "சாப்பிட்டியா, ஹயர் ஓடுதா" என்றுதான் கேட்பார். வாசலில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே, "வலிக்கும் மேடம். எல்லா நேரமும் இல்ல. சுமனே அய்யா சொல்றப்ப கொஞ்சம். நிமல் சொல்றப்ப நெறய" என்றேன். சொன்னதும் பயம் வந்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேனா இல்லையா என்பது இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கேட்டுக்கொண்டதாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். பதினாலு வண்டியும் நின்றது. ஹெல்கா மேடம் வந்தார். கையில் கூடை இல்லை. நிழலுக்கும் போகவில்லை, வெயிலுக்கும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று சாவியைத் தொட்டேன். எனக்கு முன்னால் இரண்டு வண்டி நின்றது.

தன் சிங்களத்தில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். பாடமாக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"சுமனே மாத்தையா, ஒரு விசயம் சொல்லணும். எனக்குப் பேரு இருக்கு. என் பேரு ஹெல்கா. சுத்தின்னு சொன்னா எனக்கு வலிக்குது. இவருக்கும் பேரு இருக்கு. தெமளான்னு சொன்னா இவருக்கும் வலிக்குது. இவரே சொன்னாரு."

கடைசியில் என் பெயரையும் சொன்னார். வடைக் கடையில் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. நிதி தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தான்.

சுமனே அய்யா கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும். அவர் கோபப்படவில்லை. வண்டியிலிருந்து மெதுவாக இறங்கி, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அடிபட்டவருடைய பார்வை இருந்தது. "இவனுக்கு நான் பொறுப்பு" என்று சொன்ன முகம் அதுதான்.

"மல்லி, இங்க வா" என்றார். போனேன். "மெய்யா? நான் கூப்பிட்டது ஒனக்கு வலிச்சுதா? பயப்படாமச் சொல்லு."

பயப்படாமச் சொல்லு என்று ஒருவர் கேட்கும்போது வருகிற பயம் வேறு எப்போதும் வராது. மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமல் வண்டியில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நின்றான். ஆமாம் என்று சொன்னால் அய்யாவை எல்லோர் முன்னாலும் தலை குனிய வைத்ததாக ஆகும். என்னை எடுத்தது பிழை என்று நிமல் சொன்னது சரியாகிவிடும். அதன் பிறகு ஒரு வாரமோ இரண்டு வாரமோ, ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும், நான் யட்டவத்தை பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். இதெல்லாம் ஒரே நொடியில் ஓடியது. ஹெல்கா மேடம் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், சொல் என்பதைப் போல.

"இல்ல அய்யா" என்றேன். "நான் அப்பிடி ஒன்னும் சொல்லல. மேடத்துக்கு நம்ம பாஷ வெளங்கல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் சிரிக்கவும் செய்தேன். யாரும் கேட்காமலே, பல் தெரிய. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடுகிறது.

மற்றவர்களும் சிரித்தார்கள். சுமனே அய்யா சிரிக்கவில்லை. நீண்ட மூச்சு ஒன்று விட்டு, என் முதுகில் தட்டினார். ஹெல்கா மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார், தமிழில். நான் சொல்லிக் கொடுத்திருந்த ஒரே சொல் அது. பிறகு திரும்பி, வெயிலில், கிம்பிஸ்ஸைப் பக்கம் நடந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் பார்க்குக்கு வரவில்லை. பஸ்ஸில் போனார், இல்லாவிட்டால் நடந்தார். ரோட்டோரத்தில் கூடையோடு போவதைப் பல தடவை கண்டேன். என் வண்டிச் சத்தம் அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டார். நானும் மற்றப் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கடந்து போவேன். ஊரில் அவரைப் பற்றிய கதைகள் மாறத் தொடங்கின. கொஞ்சம் பைத்தியம் என்றார்கள். தையல்காரர் மனைவி கூட முன்னைப் போலப் பேசுவதில்லை என்று கேள்வி. இதற்கெல்லாம் நான் சொன்ன ஒரு வாசகம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு நாளும் ஒரு ஹயர் வந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை சுமனே அய்யா வந்தார். "மல்லி, நாளைலருந்து மரத்தடிக்கு வந்துரு. ஒன் இங்கிலீஷ் இப்ப நல்லா இருக்கு" என்றார். இடையில் நான் ஒரு சொல்லும் புதிதாகப் படித்திருக்கவில்லை. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் போனேன். காலை ஆறு மணிக்கே போய் நிழலில் வண்டியைப் போட்டேன்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, தையல்காரர் சைக்கிளில் வந்தார். "சுத்தி ஊருக்குப் போறா. சாமான் இருக்கு, ஒரு வண்டி வேணும்" என்றார். முதலாவதாக நின்றது நான். அடுத்தவனுக்கு விட்டுக் கொடுத்திருக்கலாம். பார்க் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததால் கொடுக்கவில்லை.

இரண்டு பை, ஒரு பெட்டி. தையல்காரர் வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார். இனாமலுவைச் சந்தி வரை பேச்சு இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார், ஒவ்வொரு கடையையும், ஒவ்வொரு வேலியையும். நான் மனதுக்குள் வாசகம் கட்டிக்கொண்டே வந்தேன். மேடம், ஐ ஆம் சொரி. அவ்வளவுதான், நாலு சொல். ஒன்றரை வருடமாக வெளிக்காட்டாமல் வைத்திருந்த அந்த நாலு சொல் ஆங்கிலம் அன்றைக்கு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

சந்தியில் கொழும்பு பஸ் நிற்கும் இடத்தில் சாமானை இறக்கி வைத்தேன். அவர் பணப்பையைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"இது எந்த போலிம?" என்று கேட்டார், சிங்களத்தில். குத்திக் கேட்கவில்லை. சாதாரணமாக, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். நம்ம போலிம மேடம் என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நட்டம், அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் பொய் சொன்ன வாய், அன்று உண்மையைச் சொன்னது.

"சுத்தா போலிம."

தலையை அசைத்தார். நிழலின் விலையை எடுத்துத் தந்தார். நான் வாங்கிக்கொண்டேன். "தேங்க் யூ" என்றார். அதற்குப் பிறகு என் பெயர் வரும் என்று நின்றேன். எப்போதும் வரும். அன்று வரவில்லை. பஸ் வந்தது, கொண்டக்டர் பெட்டியைத் தூக்கிப் போட்டார், அவர் ஏறிப் போய்விட்டார். நான் பார்க்குக்குத் திரும்பி நிழலில் கடைசியாக நின்றேன்.

நேற்று அக்கா மகளுக்கு இன்னொரு செய்தி அனுப்பினேன். முதலில் சொன்னது என் பதில் இல்லை, அதை விட்டுவிடு, உனக்கு எப்படி இருக்கிறது என்று அதைச் சொல்லு என்று. அவள் பத்து நிமிடம் பேசி அனுப்பியிருக்கிறாள். அது அவளுடைய கதை, இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

நான் சீகிரியாவை விட்டு வந்து வருடங்கள் ஆகின்றன. இப்போது சொந்த வண்டி, கலேவெலவில் ஓடுகிறது. அந்த மாரா மரம் ரோட்டை அகலமாக்கும்போது போய்விட்டது. இரண்டு போலிமையும் இல்லை. ஹயர் எல்லாம் போனில் வருகிறது. வெள்ளைக்காரர்களே த்ரீவீல் வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். போன மாதம் ஒரு சுத்தாவும் சுத்தியும் சந்தியில் எனக்கு வழிவிட்டுக் கைகாட்டிப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வந்தது.

சுமனே அய்யா பாரிசவாதம் வந்து படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்க்கப் போனேன். ஒரு பக்கக் கை வேலை செய்யவில்லை, வாய் கோணியிருந்தது. மகள், மெதுவாகச் சொல்லுங்கள் மெதுவாகச் சொல்லுங்கள் என்று அவர் பக்கத்தில் நின்றாள். என்னைக் கண்டதும் அவர் கண் கலங்கியது. "தெமளா" என்றார். அவர் நினைவில் எனக்கு வேறு பெயர் இருந்திருக்காது. அன்று அது வலிக்கவில்லை, அல்லது வலித்ததை நான் கவனிக்கவில்லை.

நான் கிளம்பும்போது மகளை வெளியே போகச் சொல்லிச் சைகை காட்டினார். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வார்த்தைகள் குழறின. இரண்டு தரம் கேட்ட பிறகுதான் விளங்கியது.

"அன்னைக்கு அந்தப் பொம்பள சொன்னாளே. நீ இல்லன்னு சொன்ன. மெய்தானா மல்லி?"

இத்தனை வருடம் அதை அவர் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பார்க் இல்லை, போலிம இல்லை, நிமல் இல்லை. எனக்குப் பறிபோவதற்கு எதுவுமே இல்லை. நோயாளியை நோகடிப்பதா என்று ஒரு சாட்டு மட்டும் கைவசம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"மெய்தான் அய்யா."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பிறகு மணிக்கட்டை விட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. அடுத்த மாதம் அவர் போய்விட்டார்.

இந்த ஊரில் இப்போது யாரும் என்னை அந்தச் சொல்லால் கூப்பிடுவதில்லை. டயர்க் கடைக்காரர் கூட என் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறார். வலிக்கிறதா என்று என்னிடம் இரண்டு பேர்தான் கேட்டார்கள். ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே மறுத்தேன். மற்றவரிடம் கடைசி வரை சொல்லவே இல்லை. இன்றைக்கு யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். கேட்பதற்கு இனி யாரும் இல்லை.